அமுக்கராவா, குங்குமப்பூவா, செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டா?

மனசு சரியில்லை, ஆனால் டாக்டரிடம் போகும் அளவுக்கு இல்லை, மூலிகையாக ஏதாவது சாப்பிடலாமா என்று கேட்டால் கோலாலம்பூரில் மூன்று பதில்கள் வரும். பிரிக்பீல்ட்ஸ் நாட்டு மருந்துக் கடையில் அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா. மளிகைக்கடையில் குங்குமப்பூ. இணையத்தில் தேடினால் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மேல்நாட்டு மூலிகை. எதை வாங்குவது என்பதை வீட்டு மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

ஆதாரத்தில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட்தான் முந்துகிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2008ஆம் ஆண்டுத் தொகுப்பு 29 ஆய்வுகளை அலசியது. கலந்துகொண்டவர்கள் ஏறக்குறைய 5,500 பேர். மனச்சோர்வுக்கு வெற்று மாத்திரையைவிட மேல், வழக்கமான மருந்துகளுக்கு ஏறத்தாழச் சமம் என்பது முடிவு. ஜெர்மன் பேசும் நாடுகளில் நடந்த ஆய்வுகளில் மட்டும் பலன் கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தது. அதையும் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் மூன்றில் அதிகம் பயப்பட வேண்டியதும் இதுதான். இதிலுள்ள ஹைப்பர்ஃபோரின் என்ற பொருள், மற்ற மருந்துகளைக் கல்லீரல் வேகமாக உடைத்து வெளியேற்றும்படி செய்துவிடும். கொழுப்பைக் குறைக்க அம்மா இரவில் போடும் சிம்வாஸ்டாட்டின், ரத்தம் உறையாமலிருக்க அப்பா சாப்பிடும் வார்ஃபரின், மகளின் கருத்தடை மாத்திரை எல்லாம் வீரியம் இழக்கும். மாற்று உறுப்பு பொருத்தியவர்களுக்கும் எச்.ஐ.வி. மருந்து எடுப்பவர்களுக்கும் இது உயிர் விஷயம். செர்ட்ராலின், எஸ்சிடாலோப்ராம் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்ந்தால் செரோட்டோனின் அளவு மீறி உடல் நடுங்கும், வியர்த்துக் கொட்டும், காய்ச்சலடிக்கும். அது அவசர சிகிச்சைக்குப் போகவேண்டிய நிலை. வலிக்குக் கொடுக்கும் டிராமடோலும் இதே கதைதான். இன்று நிறுத்தினால் நாளை சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம், கல்லீரல் பழைய நிலைக்குத் திரும்ப இரண்டு வாரம் பிடிக்கும்.

அமுக்கரா நமக்குப் பழக்கமானது, அதனாலேயே யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆய்வுகளில் பலன் தெரிந்தது மன அழுத்தத்துக்கும் (ஸ்ட்ரெஸ்) தூக்கத்துக்கும்தான். மனச்சோர்வுக்கு ஆதாரம் மெலிவு. பெரும்பாலும் நாளுக்கு 300 முதல் 600 மில்லிகிராம் வரை வேர்ச்சாறு, 8 முதல் 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். பாட்டி பாலில் கலந்து கொடுத்த சூரணம் வேறு, இந்தக் காப்ஸ்யூல் வேறு. தைராய்டு மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்க்கலாம். சர்க்கரையையும் இறக்கும் என்பதால் நீரிழிவு மாத்திரை சாப்பிடுபவர்கள் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அரிதாகக் கல்லீரலைப் பாதித்ததும் பதிவாகியிருக்கிறது. சிறுநீர் கறுத்தாலோ கண் மஞ்சளித்தாலோ உடனே நிறுத்துங்கள். டென்மார்க் 2023இல் இதைத் தடையே செய்துவிட்டது.

குங்குமப்பூ பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நாளுக்கு 30 மில்லிகிராம் சாறு கொடுத்த சிறிய ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன, அவற்றில் பல ஈரானில் நடந்தவை. பாலில் இரண்டு இழை போடுவது அந்த அளவு மருந்தாகாது, கெடுதலும் இல்லை. கர்ப்பிணிகள் மருந்தளவுக்குப் போகவேண்டாம். போலி நிறைய வருகிறது: தண்ணீரில் போட்டதும் நீர் சிவந்து இழை வெளுத்தால் அது சாயம், நல்ல இழை மெதுவாகப் பொன் மஞ்சள் விடும், தான் சிவப்பாகவே இருக்கும்.

எதை வாங்கினாலும் பெட்டியில் 'எம்.ஏ.எல்.' (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணைத் தேடுங்கள். பாரம்பரிய மருந்தென்றால் கடைசி எழுத்து 'டி' (T), சத்துணவுப் பொருளென்றால் 'என்' (N). மலேசியாவின் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையதளத்தில் அதைத் தட்டிப் பார்க்கலாம். பதிவு இருந்தால் கன உலோகம், கிருமி பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம், மனசு சரியாகும் என்ற உத்தரவாதம் அல்ல. மனநோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டமே தடுக்கிறது. அப்படிக் கூவுகிற பாட்டிலைத் தொடவே வேண்டாம்.

என் தேர்வு: வேறு மாத்திரை எதுவும் இல்லை, தூக்கம்தான் பிரச்சினை என்றால் அமுக்கரா, அதுவும் மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம். மாத்திரை ஓடுகிற வீட்டில் குங்குமப்பூப் பாலோடு நிற்கலாம். செயின்ட் ஜான்ஸ் வோர்ட், பார்மசிக்காரர் உங்கள் முழு மருந்துப் பட்டியலையும் பார்த்துச் சரி என்று சொன்னால் மட்டும்.

சோர்வு இரண்டு வாரம் தாண்டியும் விடவில்லை என்றால் இந்த மூன்றையும் ஒதுக்கிவிட்டு அரசாங்கக் கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). வாழவே பிடிக்கவில்லை என்ற நினைப்பு வந்தால் அதுவரை காத்திருக்காமல் மனம்விட்டுப் பேச உதவும் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் அமைப்பின் 03-7627 2929 எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.