ஹெரால்டுக்குப் பெரிய கார்புரேட்டர் போடச் சொன்னால் சாவியைக் கொடுக்காதீர்கள்

பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் வைத்திருப்பவர்களிடம், இன்ஜினுக்குப் போகும் காற்றில் பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டரைப் பெரிதாக மாற்றினால் வண்டி பறக்கும் என்று ஒரு பட்டறைக்காரர் சொன்னால், ஒப்புக்கொள்ளும் முன் என் அனுபவத்தைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வண்டலூர் தொழிற்சாலையில் உருவான அந்த வண்டியை வாங்கியவர் என் தந்தை. 948 சிசி இன்ஜின், ஒற்றை பேரல், அதாவது ஒரே காற்றுக்குழாய் கொண்ட, சோலெக்ஸ் நிறுவனக் கார்புரேட்டர். சென்ற ஆண்டு ஐடிலிங், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம், ஒரு நிலையில் நிற்காமல் ஏறி இறங்கத் தொடங்கியதால், பழைய கார்களில் கைதேர்ந்தவர் என்று பெயரெடுத்த ஒருவரிடம் கொண்டுபோய் விட்டேன். அவர் எதையும் கழற்றிப் பார்க்கவில்லை. சோலெக்ஸ் தேய்ந்துவிட்டது, உதிரிப் பாகம் கிடைக்காது, 1800 சிசி காரின் இரட்டை பேரல் ஒன்றைப் போட்டுவிடலாம் என்றார். இங்கிலாந்தில் இதே இன்ஜினோடு வந்த ஹெரால்டு கூப்பேயில் இரண்டு கார்புரேட்டர்கள் இருந்ததை அவர் எடுத்துக்காட்டியபோது, எனக்கிருந்த தயக்கமும் போயிற்று. 26,000 ரூபாய் கொடுத்தேன்.

கூப்பேயைப் பற்றி அவர் சொன்னது பொய்யன்று. ஆனால் முக்கியமானதை மறைத்துவிட்டார். அதிலிருந்த எஸ்.யூ. நிறுவனக் கார்புரேட்டர்கள் ஒவ்வொன்றும் 1⅛ அங்குல அளவுடைய சிறியவை. அவற்றில் காற்று கூடக்கூட உள்ளிருக்கும் பிஸ்டன் மேலேறி வழியை அகலமாக்கும், குறைந்தால் இறங்கிக் குறுக்கும். எனக்குப் பொருத்தப்பட்டதோ வென்ச்சுரி, அதாவது காற்று வேகமெடுத்துப் பெட்ரோலை இழுக்கும் குறுகிய கழுத்து, அளவு மாறாதது. போதாக்குறைக்கு அதன் இரண்டு பேரல்களும் ஒரே நேரத்தில் திறப்பவை.

வண்டியை எடுத்து வந்த அன்றே பல்லாவரம் சிக்னலில் ஆக்சிலேட்டரை மிதித்ததும் இன்ஜின் மூச்சடைத்ததுபோல் அமுங்கி, பின்னால் ஹாரன்கள் அலறிய பிறகே நகர்ந்தது. திரும்பக் கொண்டுபோனபோது, பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைப் பெரிதாக்கிக் கொடுத்தார். இன்ஜினின் தயக்கம் சற்றுக் குறைந்தது. சைலன்ஸரில் கரும்புகை வந்தது. லிட்டருக்கு 13 கிலோமீட்டர் ஓடிய வண்டி ஏழுக்கு இறங்கியது. இரண்டு மாதம் கழித்து டிப் ஸ்டிக்கை உருவி முகர்ந்தபோது, ஆயிலில் பெட்ரோல் நாற்றம் அடித்தது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலிருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறது என்பதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட வேதனை, பணம் போனதால் ஏற்பட்டதைவிடப் பெரியது.

நான் முதலிலேயே போட்டுப் பார்த்திருக்க வேண்டிய கணக்கு மிக எளியது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். நிமிடத்திற்கு 4500 சுற்று என்றால் 0.948 லிட்டரை 2250ஆல் பெருக்க வேண்டும். சிலிண்டர் ஏறத்தாழ 80 விழுக்காடுதான் நிரம்பும் என்று கொண்டால் 1,700 லிட்டர், அதாவது 60 கன அடி. எனக்கு விற்கப்பட்டதோ நிமிடத்திற்கு 200 கன அடிக்கு மேல் காற்றை விடக்கூடியது. வென்ச்சுரியில் காற்றின் வேகம் பாதியானால் பெட்ரோலை இழுக்கும் விசை கால்பங்காகிவிடும் என்பதால், குறைந்த வேகத்தில் இன்ஜினுக்குத் தேவையான பெட்ரோல் வராது. அதை ஈடுகட்ட ஜெட்டைப் பெரிதாக்கினால் மற்ற வேகங்களில் அளவுக்கு மீறி வரும்.

விற்பவர் சொல்லும் கன அடி எண்ணையும் அப்படியே ஒப்பிட்டுவிடாதீர்கள். ஒன்று, இரண்டு பேரல் கார்புரேட்டர்களை 3 அங்குலப் பாதரச அழுத்த வேறுபாட்டிலும், நான்கு பேரல்களை 1.5 அங்குலத்திலும் அளப்பது வழக்கம். எந்த அழுத்தத்தில் அளந்தது என்று கேளுங்கள்.

கடைசியில் வண்டியைப் பார்த்த முதிய மெக்கானிக் ஒருவர், புதிய கார்புரேட்டரை இன்ஜினோடு பொருத்த இடையில் வைத்த அடாப்டர் பிளேட்டின் ஓரத்தில் கிளீனர் ஸ்ப்ரேயை அடித்தார்; உடனே ஐடிலிங் மாறியது. கையால் அறுத்த அந்த அலுமினியத் தகடு சமமாக உட்காராமல் காற்றை உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. நான் சொன்ன பழைய அறிகுறிகளைக் கேட்டுவிட்டு, சோலெக்ஸில், காற்று வழியைத் திறந்து மூடும் தட்டின் தண்டான திராட்டில் ஷாஃப்ட் மட்டும் தேய்ந்திருக்கும், லேத்தில் புஷ் போட்டிருந்தால் ஒரே நாளில் சரியாகியிருக்கும் என்றார்.

அந்த சோலெக்ஸ் என்னிடம் இல்லை. கழற்றியதைத் திருப்பித் தரச் சொல்லி மூன்று முறை போனேன். பழைய இரும்போடு போய்விட்டது என்றே பதில் வந்தது. பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் பணம் கொடுத்தது என் தவறு. அதில் பெட்ரோல் தேங்கும் புளோட் சேம்பரின் மூடியில் என் தந்தை ஆணியால் கீறிய ஒரு கூட்டல் குறி இருக்கும். யாரேனும் அப்படி ஒன்றை உங்களிடம் விற்க வந்தால், தயவுசெய்து எனக்குத் தெரிவியுங்கள்; கேட்கும் விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.