கடைக்காரர், வீடியோ, பாட்டில், பானெட்: கார் பாலிஷுக்கும் கோட்டிங்குக்கும் யார் பேச்சைக் கேட்பது?

ஒரே ஸ்பிரே வாக்ஸ். ஒருவர் "நாலு மாசம் நின்னுச்சு" என்கிறார். இன்னொருவர் "மூணாவது வாட்டர் வாஷுக்கே போயிடுச்சு" என்கிறார். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். முதல் கார் அடுக்குமாடியின் பேஸ்மென்ட்டில் நிற்பது; காரத்தன்மை இல்லாத ஷாம்பு போட்டு வீட்டிலேயே கழுவுவது. இரண்டாவது தெருவோர வெயிலில் காய்வது. வாட்டர் வாஷ் கடையில் அடிக்கிற கார நுரை எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிற வேகத்தில் வாக்ஸையும் சேர்த்து எடுத்துவிடும்.

அதனால், சொன்னவர் நல்லவரா என்று யோசிப்பதைவிட நாலு கேள்வி கேட்பது மேல்: என்ன தண்ணீர், என்ன ஷாம்பு, எத்தனை வாரம், எதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்? நாம் வழக்கமாக யோசனை கேட்கும் இடங்கள் ஒவ்வொன்றும் இந்தக் கேள்விகளுக்கு எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கலாம்.

கடைக்காரரும் வீடியோக்காரரும்

காரை நுணுக்கமாகக் கழுவி மெருகேற்றும் டீட்டெயிலிங் கடைக்காரரின் பலம் கை. எந்த காம்பவுண்டுக்கு (கீறலைத் தேய்த்து எடுக்கும் பசை) எந்த பேட், எந்தக் கருப்பு நிறம் மெஷின் பட்டதும் புகை படிந்ததுபோல் மங்கும், பானெட்டின் மடிப்பிலும் கதவு விளிம்பிலும் பெயின்ட் எவ்வளவு மெல்லிசு என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருக்கும். நிறத்துக்கு மேல் இருக்கும் நிறமற்ற பெயின்ட் அடுக்கான கிளியர் கோட் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான்தான். ஒவ்வொரு முறை கனமான காம்பவுண்ட் போடும்போதும் அதில் சில மைக்ரான் போகும். "வருஷம் ஒரு தடவை கட்டிங் பாலிஷ் போட்டா புதுசு மாதிரி இருக்கும்" என்று ஒரு கடை சொன்னால், அந்த யோசனையால் லாபம் கடைக்குத்தான். மெஷினைக் கையில் எடுக்கும் முன் பெயின்ட் கனத்தை மீட்டர் வைத்து அளக்கிற கடை எனக்குப் பிடிக்கும். ஆனால் மீட்டர் காட்டுவது மொத்தக் கனம். கிளியர் கோட்டைத் தனியாகப் பிரித்துச் சொல்லாது. பிளாஸ்டிக் பம்பரில் சாதாரண மீட்டர் வேலையே செய்யாது.

பெயின்ட் மேல் பாதுகாப்புக்காகப் பூசும் கோட்டிங் எத்தனை நாள் நிற்கும் என்பதில்தான் கடைக்காரரின் பேச்சு பலவீனம். மூன்று வருட வாரண்டி, ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து "மெயின்டனன்ஸ்" செய்துகொள்ள வேண்டும் என்ற நிபந்தனை பல இடங்களில் உண்டு. ஒவ்வொரு முறையும் மேலே ஒரு டாப்-அப் ஏறுகிறது. மூன்றாம் வருடத்தில் தண்ணீர் முத்து முத்தாக நின்றால் அது முதலில் போட்ட கோட்டிங்கா, போன மாதம் போட்ட டாப்-அப்பா என்று அவராலும் சொல்ல முடியாது.

பாலிஷ் முடிந்ததும் கேட்க வேண்டியது ஒன்று: ஒரு பகுதியை ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலவையால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். சில பாலிஷில் எண்ணெயும் நிரப்புப் பொருளும் இருக்கும். அவை சுழல் கீறலுக்குள் போய் உட்கார்ந்து மறைத்துவிடும். நாலு கழுவலில் கீறல் திரும்ப வரும். ஆல்கஹால் துடைப்புக்குப் பிறகும் கீறல் தெரியவில்லை என்றால் வேலை நிஜம். துடைக்கத் தயங்குகிற கடையில் கோட்டிங் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

வீடியோவின் பலம் வேறு. பொருள் எப்படிப் பரவுகிறது, எத்தனை நிமிடத்தில் துடைக்க வேண்டும், கோடு கோடாகத் திட்டு விழுகிறதா என்பதைக் கண்ணால் பார்க்கலாம். கடைக்காரர் இதை வாயால்தான் சொல்வார். ஆனால் காலையில் போட்டு மாலையில் படம்பிடித்த கோட்டிங்கைப் பற்றி "ரெண்டு வருஷம் நிற்கும்" என்று சொல்வது பாட்டிலில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டுவதுதான். இலவசமாக வந்த பொருள் என்பதற்காக ஒரு வீடியோவைத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஆறு மாதம் கழித்து அதே காரைக் காட்டுகிறாரா என்று பாருங்கள். பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது இந்தியாவில் விதி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் தோன்றி ஆதரவு தருபவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். தள்ளுபடி கூப்பன் எண் கீழே ஓடிக்கொண்டிருக்க, "சொந்தக் காசில் வாங்கினேன்" என்று தொடங்கும் வீடியோக்களும் இருக்கத்தான் செய்கின்றன.

வீடியோவில் வரும் சோதனைகளில் மூன்று வெறும் கண்காட்சி.

லைட்டர் சோதனை: கோட்டிங் மேல் தீயைக் காட்டி, ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். ஓரிரு நொடி ஓடும் தீ கீழேயுள்ள தகட்டைச் சூடாக்கவே நேரம் போதாது. கோட்டிங் போடாத பகுதியில் அதே தீயைக் காட்டினாலும் பெரும்பாலும் இதேதான் நடக்கும். அந்தப் பகுதியை மட்டும் காட்ட மாட்டார்கள்.

9எச் கடினம்: கோட்டிங் "9எச்" கடினம் என்பார்கள். இது பென்சில் அளவு. கூர் மழுக்கிய பென்சிலைக் குறிப்பிட்ட கோணத்தில் அழுத்தித் தள்ளி, எந்தப் பென்சில் கீறுகிறது என்று பார்க்கும் பெயின்ட் துறைச் சோதனை. வைரத்தை 10 என்று வைக்கும் மோஸ் அளவோடு இதற்குச் சம்பந்தமே இல்லை. சாலைப் புழுதியில் இருக்கும் குவார்ட்ஸ் மணல் மோஸ் அளவில் 7. பென்சில் முனையைத் தாங்கிய கோட்டிங், அழுக்குத் துணியில் ஒட்டிய மணலைத் தாங்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. தடிமனையும் பாருங்கள்: வழக்கமான செராமிக் கோட்டிங் ஒன்றிரண்டு மைக்ரான், பெயின்ட் மேல் ஒட்டும் பிளாஸ்டிக் படலமான பி.பி.எஃப். 150 முதல் 200 மைக்ரான். கல் தெறிப்பைத் தாங்குவது இரண்டாவதுதான்.

முத்துத் தண்ணீர்: துளியின் தொடுகோணம் 90 பாகையைத் தாண்டினால் பரப்பு தண்ணீரை விலக்குகிறது என்று அர்த்தம். படத்துக்கு அழகு. ஆனால் முத்து நிற்பதும் பாதுகாப்பு இருப்பதும் ஒன்றல்ல. வாக்ஸ் கலந்த ஷாம்பு போட்டால் செத்த கோட்டிங் மேலும் முத்து நிற்கும். உயிரோடு இருக்கும் கோட்டிங் மேல் அழுக்குப் படலம் ஏறினால் முத்து நிற்காது. நம் ஊர் போர்வெல் தண்ணீருக்கு இதில் இன்னொரு சிக்கல். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, கரைந்த உப்புகளுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை. போர்வெல் தண்ணீர் பல இடங்களில் 1000-ஐத் தாண்டும். அந்தத் தண்ணீர் முத்தாக நின்று வெயிலில் காய்ந்தால் ஒவ்வொரு முத்துக்கும் ஒரு வெள்ளை வளையம். உப்புத் தண்ணீர்க்காரர்கள் குண்டு முத்தைக் காட்டும் பொருளைவிட, தண்ணீரை ஒரே விரிப்பாக வழித்துவிடும் பொருளைத் தேடுவது நல்லது. இதை வீடியோவில் யாரும் சிலாகிப்பதில்லை. படத்தில் பார்க்க ஒன்றும் இருக்காது.

நட்சத்திர மதிப்பீடு

டெலிவரி சீக்கிரம் வந்ததா, பாட்டில் ஒழுகியதா, போலிச் சரக்கா என்று தெரிந்துகொள்ள இது போதும். தாக்குப்பிடிப்புக்கு உதவாது, பெட்டியைப் பிரித்த அன்றே எழுதியவைதான் அதிகம். இரண்டு மூன்று நட்சத்திரம் போட்டவர்கள் எழுதியதை மட்டும் படியுங்கள். "கருப்பு பிளாஸ்டிக்கில் பட்டால் வெள்ளையாகக் காய்கிறது" போன்ற விஷயம் அங்கேதான் கிடைக்கும். தேதியையும் பாருங்கள். லேபிள் அப்படியே இருக்க உள்ளேயுள்ள கலவை மாறுவது இந்தத் தொழிலில் சகஜம்.

பாட்டிலும் பாதுகாப்புத் தாளும்

ரசாயனப் பொருளுக்கு 16 பிரிவு கொண்ட பாதுகாப்புத் தாள் ஒன்று உண்டு. நல்ல நிறுவனங்கள் அதைத் தங்கள் தளத்திலேயே போட்டிருக்கும். மூன்று பிரிவு படித்தால் போதும்: 2-இல் ஆபத்து, 3-இல் கலவை, 9-இல் பி.எச். உள்ளிட்ட இயல்புகள்.

அலாய் வீல் கிளீனர் வாங்கும்போது எந்த மனிதரின் யோசனையையும்விட இந்தத் தாளை நம்புங்கள். "எந்த பிரேக் டஸ்ட்டும் அஞ்சு செகண்டில் போகும்" என்ற பேச்சுக்குப் பின்னால் சில சமயம் இருப்பது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் அல்லது அமோனியம் பைஃபுளோரைட். ஃபுளோரைடு தோலைத் தாண்டி உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். நீர்த்த கரைசல் என்றால் எரிச்சல் உடனே தெரியாது. பல மணி நேரம் கழித்துத்தான் வலிக்கும். வீட்டு வாசலில் வைத்துக் கழுவுகிறவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம். அடித்ததும் ஊதா நிறமாக மாறும் இரும்பு நீக்கி வேறு வகை: பெரும்பாலும் தயோகிளைகோலேட் உப்பு, நடுநிலைக்குப் பக்கத்துப் பி.எச். நாற்றம் குடலைப் புரட்டும், ஆனால் வேலை செய்யும். கையுறை போட்டுக்கொண்டு, சக்கரம் ஆறியபின் அடித்து, காயும் முன் கழுவினால் போதும்.

தாள் சொல்லாததும் உண்டு. ஆபத்தில்லாத பொருளை அதில் பட்டியலிட வேண்டிய கட்டாயமில்லை. அதனால் "செராமிக்" என்று விற்கும் ஸ்பிரேயில் சிலிக்கா எவ்வளவு என்று அதில் தேடினால் கிடைக்காமல் போகலாம். "100 சதவீதம் கார்னோபா" என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரேசில் பனையிலிருந்து வரும் அந்த மெழுகு உருகுவதே 80 பாகை செல்சியஸுக்கு மேல். தனியாக இருந்தால் கல்லுபோல இருக்கும். தேய்க்கிற பதத்துக்கு வர கரைப்பானும் எண்ணெயும் சேர்ந்தே ஆக வேண்டும்.

விலை ஒப்பீட்டுக்கும் லேபிள்தான் கணக்கு. எடுத்துக்காட்டாக, 600 ரூபாய்க்கு அரை லிட்டர் ஷாம்பு, கலக்கும் விகிதம் 1:100. பத்து லிட்டர் வாளிக்கு 100 மி.லி. வேண்டும், ஐந்து கழுவல், ஒன்றுக்கு 120 ரூபாய். இன்னொன்று அதே அரை லிட்டர் 1000 ரூபாய், விகிதம் 1:400. வாளிக்கு 25 மி.லி.; இருபது கழுவல்; ஒன்றுக்கு 50 ரூபாய். "விலை ஜாஸ்தி" என்று எல்லோரும் ஒதுக்கியதுதான் மலிவு. வீடியோவில் ஒருவர் 1:4 கலந்து அடித்த கிளீனரை நீங்கள் 1:10 கலந்து அடித்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று சொல்வதும் இதே கணக்குப் பிழைதான்.

சொந்த பானெட்

வாக்ஸ், ஸ்பிரே, கோட்டிங் எத்தனை நாள் நிற்கும் என்பதற்கு மட்டும் சொந்தக் காரிலேயே சோதித்துப் பார்ப்பதற்கு ஈடு கிடையாது. உங்கள் தண்ணீர், உங்கள் வெயில், உங்கள் கை. ஆனால் அரைகுறையாகச் செய்தால் இதுவும் பொய் சொல்லும்.

முதலில் காரைக் கழுவி, இரும்பு நீக்கி அடித்து, கிளே (ஒட்டிய துகளை எடுக்கும் களிமண் போன்ற கட்டி) தேய்த்துச் சொரசொரப்பை எடுங்கள். 150 மி.லி. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் 850 மி.லி. டிஸ்டில்டு வாட்டர் கலந்து துடைத்தால் பழைய எண்ணெய்ப் படலம் போகும். இதைத் தவிர்த்தால் புதுப் பொருள் பழைய வாக்ஸ் மேல் உட்காரும். அது சீக்கிரம் கழன்றதும் பழி புதுசுக்கு. புதிதாகப் பெயின்ட் அடித்த பகுதியில் ஆல்கஹால் வேண்டாம்.

மாஸ்கிங் டேப்பால் பானெட்டை மூன்றாகப் பிரியுங்கள். இடது பக்கம் ஒரு பொருள், வலது பக்கம் போட்டிப் பொருள், நடுவில் ஒன்றுமே போடாத பட்டை. அந்த வெறும் பட்டை இல்லாவிட்டால் சோதனையே இல்லை. நன்றாகக் கழுவிய வெறும் கிளியர் கோட்டும் கொஞ்சநாள் தண்ணீரை நன்றாகவே வழிக்கும், அது தெரியாமல் பொருளைப் புகழ்வோம். இன்ஜின் சூடு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஏறாது. கார் தினமும் ஒரே திசையில் நின்றால் ஒரு பக்கத்துக்கு மட்டும் மாலை வெயில். அதனால் டிக்கி மூடியில் இரண்டையும் பக்கம் மாற்றிப் போடுங்கள். நிழலில், தகடு கைக்குச் சில்லென்று இருக்கும்போது தடவ வேண்டும். பிறகு பாட்டிலில் எழுதிய நேரம் வரை தண்ணீர் படக் கூடாது.

அதன்பிறகு வாக்ஸோ சிலிக்காவோ கலக்காத ஷாம்பு மட்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, நாஸிலைக் கழற்றிய ஹோஸில் தண்ணீரை மெதுவாக ஓடவிட்டு, மூன்று பட்டையிலும் எத்தனை நொடியில் வடிகிறது என்று ஒரே இடத்தில் நின்று போனில் படமெடுங்கள்.

ஒரு பக்கம் தண்ணீர் தேங்க ஆரம்பித்ததும் "செத்துப் போச்சு" என்று எழுத வேண்டாம். முதலில் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் கெட்டியான ஷாம்புக் கலவையில் கழுவுங்கள். உப்புப் படலம் தெரிந்தால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, நிழலில் ஒரு நிமிடம் வைத்து, தாராளமாகத் தண்ணீர் விட்டு அலசுங்கள். வாக்ஸ் என்றால் இதிலேயே கொஞ்சம் போகலாம், அதனால் மூன்று பட்டைக்கும் ஒன்றுபோலச் செய்யுங்கள். பிறகு தண்ணீர் பழையபடி வடிந்தால், பொருள் உயிரோடுதான் இருந்தது; மேலே அழுக்கு அடைத்திருந்தது. அடிக்கடி அடைத்துக்கொள்ளும் பொருளும் ஒருவிதத்தில் தோற்றதுதான், ஆனால் கழன்ற பொருளும் அதுவும் ஒன்றில்லை. "மூணு வாரம்தான்" என்று திட்டுகிறவர்களில் எத்தனை பேர் இதைப் பிரித்துப் பார்த்தார்கள்?

சொந்தச் சோதனை உதவாத இடமும் உண்டு. காம்பவுண்டை அப்படிச் சோதிக்கக் கூடாது. போன கிளியர் கோட் திரும்பி வராது. அங்கே கடைக்காரரின் கைதான் வேண்டும், அதுவும் 50 செ.மீ. சதுரத்தில் மிக மென்மையான பாலிஷிலிருந்து தொடங்கி, போதாவிட்டால் மட்டும் ஒரு படி ஏறுகிறவரின் கை. மைக்ரோஃபைபர் துணிக்கு யாரிடமும் கேட்கவே வேண்டாம். ஒரு நூலை உருவித் தீயில் காட்டுங்கள்: உருகிக் குண்டாகச் சுருண்டால் பாலியெஸ்டர் வகை, சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி கலந்தது. பிறகு ஓரத் தையலையும் லேபிளையும் பழைய சி.டி.யின் பின்பக்கத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கோடு விழுந்தால் அந்தத் துணி சக்கரத்துக்கு.