செஷ்காவின் 'நீபெலுங்கன்' மறுபதிப்பு: தங்க மை இல்லையென்றால் வாங்காதீர்கள்

கார்ல் ஓட்டோ செஷ்கா 1878ல் வியன்னாவில் பிறந்தவர், ஓவியர் கோகோஷ்காவுக்குப் பாடம் சொன்னவர். கெர்லாக் பதிப்பகத்தின் சிறுவர் நூல் வரிசையில் 1909ல் வந்த, ஜெர்மானிய இடைக்கால வீரகாவியக் கதையான 'நீபெலுங்கன்' நூலுக்கு அவர் போட்ட படங்களுக்காகத்தான் இந்த மறுபதிப்பை வாங்கினேன். கதையைத் திருப்பிச் சொல்லியிருப்பவர் ஃபிரான்ஸ் கைம். ஜெர்மன் வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, படங்களே கதையை நடத்திக்கொண்டு போய்விடும்.

மொத்தம் எட்டு இரட்டைப் பக்கப் படங்கள். கறுப்பு, நீலம், சிவப்பு, தங்கம், அவ்வளவுதான் நிறம். கதைநாயகி கிரீம்ஹில்ட் காணும் கனவில் அவள் வளர்த்த வல்லூறை இரண்டு கழுகுகள் கிழிக்கின்றன, அதாவது அவள் கணவன் சீக்ஃபிரீட் பின்னால் கொல்லப்படப்போவதன் முன்னறிவிப்பு, அந்த ஒரு படத்தையே நான் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். கேடயம், கொடி, ஆடை எல்லாம் சதுரமும் முக்கோணமுமாக அடுக்கியிருக்க, அந்த நெரிசலுக்குள்ளும் யார் யாரைப் பகைக்கிறார்கள் என்பது தலை சாய்ந்திருக்கும் விதத்திலேயே தெரிகிறது. 1924ல் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த நீபெலுங்கன் திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சட்டகங்கள் புதிதாகத் தெரியாது.

இனி குறை. நான் வாங்கிய பதிப்பில் தங்க மை இல்லை, சாதாரண நான்கு வண்ண அச்சில் கடுகு மஞ்சளாக வந்திருக்கிறது. இது சின்ன விஷயம் இல்லை. மூலத்தில் பக்கத்தைக் கொஞ்சம் சாய்த்தால் தங்கம் மட்டும் எழுந்து வரும், கறுப்பு பின்னால் போகும், செஷ்கா அதை நம்பித்தான் முகங்களைத் தட்டையாக விட்டிருக்கிறார். மஞ்சளில் அந்த ஆழம் மொத்தமாகப் போய்விட்டது. அப்புறம் அளவு. மூலம் ஏறத்தாழ 15 செ.மீ. உயரமுள்ள சின்னப் புத்தகம், கையில் வைத்துக் கிட்டத்தில் பார்க்கவே அந்த நுணுக்கம் எல்லாம். இதில் பெரிதாக்கிவிட்டார்கள், கோடுகளின் ஓரம் மழுங்கித் தெரிகிறது. தையல் போடாமல் பசை ஒட்டியிருப்பதால் இரட்டைப் பக்கத்தின் நடுப்பகுதி மடிப்புக்குள் மறைகிறது.

தாள் நல்ல தடிமன், பின்பக்க மை தெரியவில்லை, அதற்கு மட்டும் பாராட்டு. ஐந்துக்கு இரண்டரை தருவேன். வாங்குவதாக இருந்தால் விற்பவரிடம் தங்கம் தனி மையா, புத்தகம் தைத்ததா, மூல அளவா என்று மூன்றையும் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் விலை இரு மடங்கு ஆனாலும் தயங்க வேண்டாம்.