மாலைக் கல்லூரியா, தொலைநிலைக் கல்வியா?

பாதியில் நின்ற பட்டப்படிப்பை வேலையில் இருந்துகொண்டே முடிக்க நினைப்பவருக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள் உள்ளன: மாலைக் கல்லூரி, தொலைநிலைக் கல்வி. லண்டன் பல்கலைக்கழகம் 1858-லேயே நேரில் வந்து பயிலாதவர்களுக்கும் பட்டத் தேர்வைத் திறந்துவிட்டதால், இரண்டாவதைத் தரம் குறைந்த புது ஏற்பாடாகக் கருத வேண்டியதில்லை.

மாலைக் கல்லூரியின் பலம் ஆசிரியர் எதிரில் இருப்பதுதான். அலுவலகக் களைப்போடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும், கரும்பலகையில் போடும் கணக்கின் மூன்றாவது வரி புரியவில்லை என்று கை தூக்கினால் அங்கேயே விளக்கம் கிடைக்கிறது. பல ஆண்டுகள் கழித்துப் புத்தகத்தைத் திறப்பவருக்கு இது சாதாரண உதவியன்று. ஷிப்ட் மாறி மாறி வேலை பார்ப்பவருக்கோ வருகைப்பதிவே பெரும் தடையாகிவிடும்.

தொலைநிலைக் கல்வியில் நேரம் நம் கையில் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தை, வீடு அடங்கிய பிறகு, கேட்பாரில்லாத நிலையில், நாமே படிப்புக்கு ஒதுக்க வேண்டும்.

கணிதமும் ஆய்வகப் பாடங்களும் மிஞ்சியிருந்தால் மாலைக் கல்லூரியையும், மொழி, வரலாறு போன்றவை மட்டும் மிஞ்சியிருந்தால் தொலைநிலையையும் நான் பரிந்துரைப்பேன். எதில் சேர்ந்தாலும், முன்பு தேறிய பாடங்களில் எவற்றை ஏற்றுக்கொள்வார்கள் என்பதைக் கட்டணம் செலுத்தும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.