ஒரு பேர்ச் காணியும் ஒழுங்கை முகப்புக் கல்லணையும்

2025 ஆடி மாதம் ரொறன்ரோவிலிருந்து சென்னை வழியாகப் பலாலி விமான நிலையத்தில் வந்திறங்கியபோது, கைப்பையில் கடவுச்சீட்டோடு சேர்த்து அம்மாவின் சீதன உறுதியையும் கொண்டுவந்திருந்தேன். 1962 ஆம் ஆண்டில் முடிக்கப்பட்ட அந்த உறுதி, வடமராட்சியின் வடக்குக் கரையோரத்தில் உள்ள எங்கள் ஊரில் மூன்று பரப்புக் காணியை அவருக்கு உரித்தாக்குகிறது. ஐந்து வார விடுமுறைக்குள் மேற்கு எல்லையை அளப்பித்து, கல்லு நட்டு, மதில் கட்டுவதற்கான அனுமதியையும் எடுத்துவிடலாம் என்பது என் கணக்காக இருந்தது. ஊரில் உள்ள அலுவலகங்களில் இப்போது காரியங்கள் எப்படி நடக்கின்றன என்று இங்கே பலர் கேட்பதால், நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். ஊர் சிறியது, எல்லோரும் உறவினர். ஆகவே ஊரையோ, அலுவலகத்தையோ, ஆட்களையோ பெயர் சொல்லி எழுதவில்லை.

எங்கள் பக்கத்து எல்லைத் தகராறுகள் பெரும்பாலும் உறவுக்குள்ளேயே நடப்பதற்கு யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைதான் காரணம். 1707 இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுப்பித்த அந்த வழக்கப்படி தாயின் சீதனக் காணி பெண் மக்களுக்குச் சீதனமாகப் பிரிந்து செல்வதால், ஒரே பேத்தியாரின் வளவு மூன்று தலைமுறையில் ஆறேழு துண்டுகளாகி, வேலிக்கு இரு பக்கமும் ஒன்றுவிட்ட சகோதரிகளின் குடும்பங்களே குடியிருக்கும். எங்கள் மேற்கு எல்லையில் இருப்பவர் எனக்கு மச்சான் முறை. அவருடைய தாயாரை நான் மாமி என்று அழைப்பேன். உறுதியில் அந்த எல்லைக்கு எழுதப்பட்டிருப்பது மாமியின் தாயாருடைய பெயர் மட்டுமே. அடியோ, அங்குலமோ, நில அளவைப் படத்தின் இலக்கமோ எதுவும் இல்லை. அக்காலத்தில் பூவரசும் கிளுவையும் கதியாலாக நின்ற வேலியே படமாகவும் இருந்தது. 1987 இல் வடமராட்சி நடவடிக்கையின்போது நாங்கள் வெளியேறினோம். பிறகு ஒவ்வொருவராக நாட்டையே விட்டுப் போனோம். ஆளில்லாத வளவில் வேலி பட்டுப்போனது. போர் முடிந்த பின் 2011 இல் மச்சான் தன் பக்கத்தில் மதில் கட்டியபோது, அது எங்கள் காணிக்குள் மூன்று அடி தள்ளி எழுந்துவிட்டது என்பது எங்கள் குடும்பத்தின் முறைப்பாடு.

முதலில் காணிப் பதிவகத்துக்குப் போனேன். காலை எட்டரைக்கே வரிசை நின்றது. ஆனாலும் இருபது ஆண்டுகளுக்கு முன் இதே வேலைக்காக அண்ணன் அலைந்த அலைச்சலை நினைத்துப் போனவனுக்கு இது பரவாயில்லை என்றே தோன்றியது. விண்ணப்பப் படிவம் தமிழில் இருந்தது, கட்டணம் எழுதி ஒட்டப்பட்டிருந்தது, பதிவேட்டுப் பிரதியை இரண்டாம் நாள் பெற்றுக்கொண்டேன். பதிவேட்டின் அந்தப் பக்கம் ஓரங்களில் பொடிந்து, இரண்டு இடங்களில் ஒட்டுத்தாள் போடப்பட்டிருந்தது. எழுத்து மங்கிய இடத்தை எழுதுவினைஞர் யன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்து, எனக்கு வாசித்தே காட்டினார்.

அந்தப் பக்கத்தில்தான் நான் அதுவரை கவனியாத ஒரு வரி இருந்தது: மேற்கு எல்லையில் உள்ள கிணற்றில் அரைப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும். எங்கள் உறுதியிலும் அது இருந்திருக்கிறது; கிணற்றுப் பங்குதானே என்று தாண்டிப் போயிருக்கிறேன். அனுமதி பெற்ற நில அளவையாளர் அதைப் பார்த்தவுடன், "அண்ணை, உங்கட எல்லைக்கல்லு இந்தக் கிணறுதான்" என்றார். பங்குக் கிணற்றின் நடுவால் எல்லை போவது எங்கள் பக்கத்து வழக்கம். அளக்க வந்த அன்று அவர் கருவியை முக்காலியில் நிறுத்தும் முன்பே, கிணற்றுக் கட்டின் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, நூல் பிடித்து, நடுப்புள்ளியில் ஆணி அடித்தார். கட்டின் எங்கள் பக்க விளிம்பில் கயிறு உரசி விழுந்த நான்கு பள்ளங்கள் இருந்தன. மாமியின் பக்கத்தில் மூன்று. மச்சானின் மதில் கிணற்றை நெருங்கும் இடத்தில் மட்டும் வளைந்து, மாமி தண்ணீர் அள்ளுவதற்கு வசதியாக எங்கள் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. நடு ஆணியிலிருந்து வடமேற்கு மூலையில் தோண்டி எடுத்த பழைய வாய்க்காலின் சுண்ணாம்புக் கட்டு வரை கோடு இழுத்தபோது, தொண்ணூறு அடி நீளத்துக்கு மூன்று அடி எங்களுக்குக் குறைந்தது. அதாவது 270 சதுர அடி, கிட்டத்தட்ட ஒரு பேர்ச். பத்துப் பேர்ச் ஒரு பரப்பு, பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்று சிறு வயதில் மனனம் செய்த வாய்பாட்டின் மிகச் சிறிய அலகுக்காக நான் அத்திலாந்திக்கைத் தாண்டி வந்திருந்தேன்.

படம் கையில் இருந்தால் காரியம் முடிந்தது என்று நினைப்பது தவறு. நில அளவையாளரின் படம் ஒரு சான்று மட்டுமே. அதற்குத் தீர்ப்பின் வலு கிடையாது. சட்டத்தரணி இன்னொன்றையும் சொன்னார். 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒருவர் பத்து ஆண்டுகள் எதிர்ப்பின்றி ஒரு காணியை ஆண்டுவந்தால் அவருக்கு உரித்துக் கோர இடமுண்டு. போர்க்காலச் சூழ்நிலையால் தங்கள் உரிமையை நாட முடியாமற் போனோருக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தக் கணக்கிலிருந்து விலக்க 2016 இல் ஒரு சிறப்புச் சட்டம் வந்தது உண்மைதான். ஆனால் மச்சானின் மதில் 2011 இல் எழுந்தது, நான் பேச வந்தது 2025 இல். "எழுத்தில் ஒரு ஆட்சேபணையும் அனுப்பாமல் பதினாலு வருசம் இருந்திட்டியள்" என்றார் அவர். வழக்கு வேண்டாம், விசேட காணி மத்தியஸ்த சபை யாழ்ப்பாணத்தில் இருக்கிறது, அதற்கும் முன்பாக மாமியோடு இருந்து பேசுங்கள் என்று அனுப்பிவைத்தார். வெளிநாட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. நமக்காகச் செயற்படும் அதிகாரமான அற்றோணித் தத்துவத்தை யாரிடமாவது கொடுத்துவிட்டு வந்தால் போதாது. அவர் ஆண்டுக்கொருமுறையாவது எல்லையைப் போய்ப் பார்த்து, மாற்றம் இருந்தால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

மாமியோடு பேசுவதற்கு முன் உள்ளூராட்சி சபையில் மதில் அனுமதிக்கு விண்ணப்பித்துவிடுவோம் என்று நினைத்தது என் அவசரம். 2023 பங்குனியில் சபைகளின் பதவிக்காலம் முடிந்த பின் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகச் செயலாளர்களே நிர்வாகத்தைக் கொண்டு நடத்தினர். 2025 மே 6 ஆம் திகதித் தேர்தலுக்குப் பின்னரே உறுப்பினர்கள் வந்திருந்தனர். முன்னலுவலகத்தில் இலக்கம் கொடுத்து அழைத்தார்கள். உறுதிப் பிரதி, நில அளவைப் படம், சோலை வரிப் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் ஒரே முறையில் சரிபார்த்து, குறைவதை ஒரு துண்டில் எழுதித் தந்தார்கள். எங்கள் வளவு கடலிலிருந்து ஏறத்தாழ 120 மீற்றரில் இருக்கிறது. சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்பதால், கரையோரம் பேணல் சட்டத்தின் கீழும் அனுமதி தேவையா என்று பிரதேச செயலகத்தில் கேட்டு வரச் சொன்னார்கள். சிறிய வேலைகளுக்கான அனுமதியை அங்கேயே கொடுக்கிறார்கள் என்பது எனக்குப் புதிய செய்தி. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் நான்காம் நாள் மோட்டார் சைக்கிளில் வந்தார். மேற்கு எல்லையைக் காட்டுவதற்காக நான் முன்னே நடக்க, அவர் கிழக்கே ஒழுங்கைப் பக்கம் நின்றுவிட்டார். நாடாவைப் பிரித்து ஒரு முனையை எங்கள் முன் மதிலில் என்னையே பிடிக்கச் சொன்னார். எதிர் வளவின் மதில் வரை பத்தரை அடி. சபையின் வீதிப் பதிவேட்டில் அந்த ஒழுங்கையின் அகலம் பன்னிரண்டு அடி என்றும், எதிர்ப்பக்கம் வீதிக்கோட்டில் சரியாக நிற்கிறது என்றும் சொல்லிவிட்டு, குறிப்புப் புத்தகத்தில் எழுதினார். எங்கள் முன் மதில் 2003 இல், சமாதான காலத்தில், அண்ணன் சுவிசிலிருந்து அனுப்பிய காசில் கட்டியது. ஒன்றரை அடி ஒழுங்கையை அதுதான் விழுங்கியிருந்தது. மதில்மேல் சாய்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்ற மச்சான் சிரிக்கவில்லை, ஒரு சொல்லும் சொல்லவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த ஒன்றரை அடிக்கு ஒழுங்கையின் வடக்கு முனையில் ஒரு விலை இருக்கிறது. ஒழுங்கை போய்ச் சேரும் கடற்கரையில் பழைய கல்லணை ஒன்று உண்டு. நான் சிறுவனாக இருந்தபோது அதில் இருந்துதான் வள்ளங்கள் வான் வழியாக உள்ளே வருவதைப் பார்ப்போம். வடக்குக் கரையில் கடலுக்குள் பாறைத் தொடர் கரையோடு ஒட்டிப் போவதால், அதில் உள்ள இடைவெளியான வான்தான் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு வாசல். முருகைக்கல்லை அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து பூசிக் கட்டிய அந்த அணை, வாடைக்காற்றுக் காலத்தில் ஆண்டுதோறும் சில கற்களை இழக்கும். முன்பு ஊரவர் கடலிலிருந்தே கல் எடுத்து மறுபடி அடுக்கிவிடுவார்கள். கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதை 1988 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் தடைசெய்துவிட்டது. அது நல்ல சட்டம் என்றே நான் நினைக்கிறேன், ஏனென்றால் அலையை முதலில் உடைப்பது அந்தப் பாறைதான். ஆனால் அதன் பிறகு அணையைத் திருத்துவதென்றால் வெளியிலிருந்து பாறாங்கல் ஏற்றி வர வேண்டும்.

2024 இல் அப்படி ஏற்றி வந்து திருத்தியிருக்கிறார்கள். கரையோர வீதியின் பக்கமாக ஏறத்தாழ அறுபது மீற்றர் நீளத்துக்கு அணை இடுப்பளவு உயரத்தில் நேர்த்தியாக நிற்கிறது. எங்கள் ஒழுங்கை முகப்புக்குச் சில அடி முன்னால் வெட்டினாற்போல் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து இறங்குதுறை வரை பழைய அணையின் அடிக்கற்கள் பல்லு விழுந்த ஈறுபோல் தெரிகின்றன. ஏன் அந்த இடத்தில் நின்றது என்று விசாரித்தால் ஒவ்வொருவரும் ஒரு எல்லையைக் காட்டினர். வீதியோரம் வீதிக்குப் பொறுப்பானவர்களுக்கு, ஒழுங்கை சபைக்கு, கரை கரையோரம் பேணல் திணைக்களத்துக்கு, இறங்குதுறை கடற்றொழில் திணைக்களத்துக்கு. இவை எல்லாமே உண்மை. ஆயினும் கடற்றொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் சொன்ன காரணம் இந்தப் பட்டியலில் இல்லை: "தம்பி, ரிப்பர் ஒழுங்கைக்குள்ள திரும்பேலை. கல்லை வீதியில கொட்டிப்போட்டு ஆளால தூக்கச் சொன்னால் கொந்திராத்துக்காரன் விடுவானோ?" ரிப்பர், அதாவது கல் ஏற்றி வரும் லொறி, மறுபக்கத்தால் வருவதென்றால் எங்கள் ஒழுங்கையால்தான் வர வேண்டும். திரும்பாத இடம் எங்கள் மதிலின் தெற்கு மூலை. மூலையில் பூச்சு பெயர்ந்து, கீறலில் மஞ்சள் வர்ணம் ஒட்டியிருந்ததை அதுவரை மழைக்குப் போனது என்று நினைத்திருந்தேன்.

அணையில் உள்ள அந்த இடைவெளி அழகு பற்றிய விடயம் அன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் உவர்நீரின் மேல் மிதக்கும் மழைநீரைத்தான் கிணறுகளில் அள்ளிக் குடிக்கிறோம். வாடை பெருக்கெடுக்கும்போது கடல் அந்த வாயால் ஒழுங்கைக்குள் வந்து தேங்கி நிற்பதால், முனையில் உள்ள மூன்று வீட்டுக் கிணறுகளும் உவர்ந்துவிட்டன. அந்த வீட்டுப் பெண்கள் இப்போது தண்ணீர் அள்ளுவது எங்கள் பங்குக் கிணற்றில், மாமியின் பக்கத்தால். மதில் கிணற்றடியில் வளைந்து போனதற்கு மாமி சொன்ன காரணமும் அதுவே: இரண்டு பேர் குடத்தோடு நிற்க இடம் வேண்டியிருந்தது.

இங்கே எங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கிடுகு வேலி இருந்த ஊரில் ஆறடி மதில்களை எழுப்பியது பெரும்பாலும் வெளிநாட்டுக் காசு. வேலிக்குக் கதியால் போட வருகிறவர் ஊர்க்காரர், ஒழுங்கையின் அகலம் அவருக்குக் கண்ணளவில் தெரியும். கனடாவிலோ சுவிசிலோ இருந்து வட்ஸ்அப்பில் படம் பார்த்து மேசனுக்குக் காசு அனுப்புகிறவனுக்கு அது தெரியாது. கரையில் வலை உலர்த்தும் வெளியைக்கூட இரண்டு வளவுகள் அணை வரை மறித்துக் கட்டியிருக்கின்றன; இரண்டும் பூட்டிக் கிடக்கின்றன.

திட்டமிடல் குழு என் விடுமுறையின் நான்காம் வாரத்தில் கூடியது. மாதம் ஒருமுறை கூடுகிற குழுவின் திகதியை விண்ணப்பிக்கும் நாளிலேயே சொல்லியிருந்தால் நான் பயணத்தை அதற்கேற்ப அமைத்திருப்பேன். சேவையில் எனக்கு இருக்கும் ஒரே உறுதியான குறை இதுதான். கடிதம் ஒன்றரைப் பக்கம்: முன் மதிலை வீதிக்கோட்டுக்குப் பின்னால் எடுத்த பின்பே மேற்கு மதிலுக்கான அனுமதி பரிசீலிக்கப்படும். அண்ணனோடு தொலைபேசியில் அரை மணித்தியாலம் வாக்குவாதப்பட்டேன். முடிவில் அவரே, உடைக்கிற கூலியைத் தான் தருவதாகச் சொன்னார்.

இரண்டு தொழிலாளர்கள் ஒரு முழுப் பகலில் தொண்ணூறு அடி மதிலையும் உடைத்து, நல்ல கற்களை உள்ளே அடுக்கிவிட்டனர். மச்சான் தன் மகனையும் உதவிக்கு அனுப்பினார். மேற்கு மதிலைக் கிணற்று நடு ஆணியின் கோட்டுக்கு மாற்றுவதென்றும், செலவை இரு பக்கமும் அரைவாசியாக ஏற்பதென்றும், அவருடைய மகளின் கலியாணம் முடிந்தபின் தொடங்குவதென்றும், கிணற்றடியில் மட்டும் வளைவு இருந்தபடியே இருக்கலாமென்றும் ஒரு தாளில் எழுதி, கிராம உத்தியோகத்தர் முன்னிலையில் கையெழுத்து வைத்தோம்.

கல்லணையின் மிச்சத்துக்கு இப்போது ரிப்பர் போகும். ஆனால் 2024 இன் ஒதுக்கீடு அந்த ஆண்டு மார்கழியோடு முடிந்து, செலவாகாத பணம் திரும்பிவிட்டதால், புதிதாக மதிப்பீடு செய்ய வேண்டும் என்று சபை உறுப்பினர் ஒருவர் சொன்னார். நான் திரும்புவதற்கு முதல்நாள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் மறுபடி வந்து, நாடாவை ஒழுங்கைக்குக் குறுக்கே பிடித்தார். பன்னிரண்டு அடி ஓர் அங்குலம். குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, அடுத்த வேலை எங்கே என்று தன் கைப்பேசியைப் பார்த்தபடி மோட்டார் சைக்கிளை உதைத்தார்.