மூன்று அளவு மதர்போர்டுகளோடு பதினோரு ஆண்டுகள்

கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி ஒன்றை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு திருகு, பத்து நிமிடம். என் மினி ஐடிஎக்ஸ் கணினியில் அதற்கு அரை நாள் ஆயிற்று. கணினியின் பாகங்களையெல்லாம் இணைக்கும் மதர்போர்டில், நான் வைத்திருந்த மூன்று அளவுகளில் மிகச் சிறியது அது. எஸ்எஸ்டியைச் செருகும் இரண்டாவது எம்.2 ஸ்லாட் போர்டின் முதுகில் இருந்தது. கேபினட்டின் பின்தட்டிலோ திறப்பு இல்லை. கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை, கூலர் என வரிசையாகக் கழற்றி, புராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் பூசித்தான் முடிக்க முடிந்தது.

அதற்கு முன் நான்கு ஆண்டுகள் ஏடிஎக்ஸ் என்ற பெரிய போர்டு வைத்திருந்தேன். 1995இல் இன்டெல் வகுத்த அளவு; 305 × 244 மி.மீ. முதல் நாளே ஒரு கூத்து. மின்விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடும். கேபினட்டில் மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற நடுத்தர அளவுக்கென முன்கூட்டியே திருகி வைத்திருந்த ஸ்டாண்டாஃப், அதாவது போர்டைத் தாங்கும் குட்டித் தூண் ஒன்று என் போர்டின் அடியில் முட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றியதும் கணினி உயிர்பெற்றது. பெரிய போர்டின் சுகம் கைக்குத்தான் தெரியும்: விரல் நுழைய இடம், நான்கு ராம் ஸ்லாட், வேண்டிய இடத்தில் மின்விசிறி இணைப்பு. ஆனால் ஏழு விரிவாக்க இடங்களில் நான் பயன்படுத்தியவை கிராபிக்ஸ் கார்டும் ஒரு வைஃபை கார்டும் மட்டுமே. மற்றவற்றில் தூசி குடியிருந்தது.

அந்தக் காலி இடத்தைப் பார்த்து வந்த எரிச்சலில்தான் மினி ஐடிஎக்ஸின் 170 மி.மீ. சதுரத்துக்குத் தாவினேன். வேகத்தில் குறையே இல்லை. அதே புராசசர், அதே கார்டு, அதே வேலை. சத்தம் மட்டும் கூடியது. சின்னக் கேபினட்டுக்குள் சூடு தங்கியதால் மின்விசிறி மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தது. ராம் ஸ்லாட் இரண்டே என்பதால் 16 ஜிபியிலிருந்து 32க்குப் போக, நன்றாக இருந்த இரண்டு துண்டுகளையும் கழற்றி ஓரம்கட்ட வேண்டியிருந்தது. மேசையில் இடம் மிச்சமானது உண்மை. அதற்காக இவ்வளவு பாடா?

இப்போது நான்கு ஆண்டுகளாக மைக்ரோ ஏடிஎக்ஸ். இந்த வகையில் 244 மி.மீ. சதுரம்தான் உச்ச அளவு. விலை குறைந்த போர்டுகள் அகலத்தில் இதைவிட ஒடுங்கியிருக்கும். என்னுடையதும் அப்படித்தான். வலது ஓரத்துக்குத் திருகுத் தாங்கல் கிடையாது. போர்டுக்கு மின்சாரம் தரும் 24 பின் இணைப்பை அழுத்தும்போது போர்டு வளைவது கண்ணுக்கே தெரிந்தது. அடியில் விரலை முட்டுக்கொடுத்துத்தான் செருகினேன். நான்கு விரிவாக்க இடங்களில் மூன்றைக் கிராபிக்ஸ் கார்டே விழுங்கிவிடுகிறது. மிஞ்சிய ஒன்றில் கார்டு போட்டால் மேலே இருக்கும் விசிறிகளுக்குக் காற்று குறையும் என்று காலியாக விட்டிருக்கிறேன். இத்தனை குறை சொன்னாலும் அடுத்த முறையும் இதே அளவைத்தான் வாங்குவேன். ராமைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம், கழற்றி மாட்ட கை நுழைகிறது, ஏடிஎக்ஸ் கேபினட்டிலும் உட்காருகிறது. வாங்கும்முன் போர்டின் அகலத்தையும் மின்விசிறி இணைப்புகளின் எண்ணிக்கையையும் மட்டும் இம்முறை பார்ப்பேன். முன்பு இரண்டையும் பார்க்காமல் விட்டேன்.

மினி ஐடிஎக்ஸை வீசிவிடவில்லை. கோப்புகளைச் சேமித்து வைக்கும் பெட்டியாக அலமாரியின் மேல்தட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் முதுகிலுள்ள எஸ்எஸ்டி முக்கால்வாசி நிரம்பிவிட்டது. மாற்ற வேண்டும், வாரா வாரம் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.