ஸ்ட்ரோலரா, பட்டை வைத்த கேரியரா, வெறும் துணியா? குன்னூரிலிருந்து ஒரு தகப்பனின் கணக்கு

எங்கள் மகளுக்கு இப்போது 11 மாதம். பிறந்தது சுவிட்சர்லாந்தில், வின்டர்தூர் என்ற ஊரில். சுவரைப் பிடித்து நடக்கப் பழகுவது குன்னூரில், பெட்போர்டு பக்கம் என் அம்மா வீட்டில். சுவிட்சர்லாந்துச் சட்டப்படி தாய்க்கு 14 வாரம், தகப்பனுக்கு 2 வாரம்தான் சம்பளத்தோடு விடுப்பு. அதனால் இரண்டு பேரும் சம்பளமில்லாமல் நாலு மாதம் வாங்கிக்கொண்டு நவம்பர் முதல் வாரம் வந்து சேர்ந்தோம். வரும்போது குழந்தையை உட்காரவைத்துத் தள்ளுகிற ஸ்ட்ரோலர், குழந்தையை மார்பில் மாட்டிச் சுமக்கிற பஞ்சுப் பட்டை வைத்த கேரியர், அதே வேலைக்கு உடம்பைச் சுற்றிக் கட்டிக்கொள்கிற 4.6 மீட்டர் நெய்த பருத்தித் துணி என்று மூன்றையும் தூக்கி வந்தோம். மூன்றையும் இரண்டு ஊரிலும் வைத்துப் பார்த்தாயிற்று. கைக்குழந்தையோடு வெளிநாடு போகிறவர்களும் அங்கிருந்து மலைக்கு லீவுக்கு வருகிறவர்களும் எதை வாங்கலாம் என்று கேட்டால், நான் துணியைத்தான் சொல்வேன். காரணம் நீங்கள் நினைப்பதாக இருக்காது.

முதலில் ஸ்ட்ரோலரைப் பார்த்துவிடலாம், அதற்கு உரிய மரியாதை உண்டு. வின்டர்தூரில் அது இல்லாமல் எங்கள் முதல் மூன்று மாதம் ஓடியிருக்காது. பஸ் நடைபாதை உயரத்துக்கே தாழ்வாக வந்து நிற்கும், நடுக்கதவு பக்கம் ஸ்ட்ரோலருக்கென்று இடம் விட்டிருப்பார்கள், ஆறு வயது வரை குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. ரைன் அருவிக்கு ரயிலில் சுமார் அரைமணி நேரம். நொய்ஹவுசன் கரைப் பக்கம் பாதை சமமாக இருக்கும், 150 மீட்டர் அகலத்துக்கு விழுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே தள்ளிக்கொண்டு போகலாம். பிறந்த குழந்தை மல்லாந்து படுத்துத் தூங்குவதற்கும், பிரசவமான உடம்போடு என் மனைவி எடை தூக்காமல் நடப்பதற்கும் அதுதான் சரி. நாங்கள் வாங்கியது புரோக்கி என்று அந்த ஊரில் சொல்கிற பழைய சாமான் கடையில். திருப்பி விற்றாலும் பெரிய நஷ்டம் இருக்காது.

குன்னூரில் அதே வண்டி இரண்டாம் நாளே வாசலில் நின்றுவிட்டது. அம்மா வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஏற 62 படி. குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வண்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி, மறுபடி இறங்கி வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு ஏறி, அதற்குள் மூச்சு வாங்கியது. மார்க்கெட் சந்துகள் படியும் சரிவுமாக இருக்கும், குன்னூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிம்ஸ் பூங்கா 1874-இல் ஒரு பள்ளத்தாக்கின் சரிவிலேயே அமைத்தது, மேலே நுழைந்தால் எல்லாமே கீழே இருக்கும், போகும்போது பிரேக்கை விடாமல் பிடித்து இறங்கி, வரும்போது தோள் கொடுத்துத் தள்ளி ஏற்ற வேண்டியிருந்தது. ஊட்டி தாவரவியல் பூங்காவின் கீழ்ப் புல்வெளிப் பக்கம் மட்டும் அது ஒழுங்காக ஓடியது. ஆக மலையில் ஸ்ட்ரோலர் வேண்டாம் என்பது படியைப் பார்த்தாலே தெரிகிற விஷயம், இதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

உண்மையான போட்டி கேரியருக்கும் துணிக்கும்தான். எனக்கு ஆறு மாதம் கேரியர்தான் உயிர். இடுப்புப் பட்டையைப் போட்டு, குழந்தையை மார்போடு அணைத்து, தோள் பட்டையை மாட்டி, முதுகுப் பக்கம் கொக்கியைப் போட்டால் ஒரு நிமிடத்தில் கிளம்பிவிடலாம். எடை இடுப்பில் இறங்குவதால் தோள் வலிக்காது. துணியைக் கட்டக் கற்றுக்கொள்ளவே எனக்குப் பத்து நாள் ஆனது. கண்ணாடி முன்னால் நின்று, முதலில் ஒரு பொம்மையை வைத்து, அப்புறம் மனைவி பக்கத்தில் நிற்க மகளை வைத்துக் கட்டிப் பார்த்தேன். அந்த நாட்களில் என்னைக் கேட்டிருந்தால் கேரியர் என்றுதான் சொல்லியிருப்பேன்.

என் எண்ணம் மாறியது நவம்பர் மூன்றாம் வாரத்தில். லேம்ப்ஸ் ராக் என்கிற காட்சிமுனைக்குப் போய்விட்டுத் திரும்பினோம். காரிலிருந்து இறங்கி அவளைக் கேரியரில் போட்டதுதான் தாமதம், வளைவுகளில் ஆடி வந்த வயிறு, குடித்த பாலெல்லாம் மேலே வந்துவிட்டது. தோள் பட்டை, இடுப்புப் பட்டை எல்லாம் நனைந்துவிட்டன. சாயங்காலமே அலசி, தாழ்வாரத்துக் கொடியில் போட்டேன். மறுநாள் மழை, அதற்கு மறுநாள் மழையில்லை ஆனால் மஞ்சு இறங்கி எதிர் வீடே தெரியவில்லை. மூன்றாம் நாள் மேல் துணி தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தது, இடுப்புப் பட்டையை இரண்டு விரலால் அழுத்தினால் உள்ளிருந்து தண்ணீர் கசிந்தது. நாலாம் நாள் ஈர வாடை. தையல் ஓரத்தில் கடுகளவு கறுப்புப் புள்ளிகள், பூஞ்சை பிடித்துவிட்டது. குழந்தை வாய் வைத்துச் சப்புகிற இடம் அது. அந்த வாரம் ஊட்டி ரயிலுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தோம், போகவில்லை.

இதற்குக் காரணம் எளிது. குன்னூர் சுமார் 1850 மீட்டர் உயரத்தில், மலையின் கிழக்குச் சரிவில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மேகம் மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து ஏறி நேராக நம் மேல்தான் உட்காரும். கூடலூர்க்காரர்களுக்கு இதே கஷ்டம் ஆனி, ஆடியில் வரும். குளிர்ந்த காற்று கொஞ்சம் ஈரத்தைத்தான் தாங்கும், அதுவும் மஞ்சிலேயே நிறைந்துவிட்டால் கொடியில் கிடக்கிற துணியிலிருந்து எடுத்துக்கொள்ள அதற்கு இடமிருக்காது. ஒற்றை மடிப்புத் துணியாவது இரண்டு பக்கமும் காற்றுப் பட்டு மெல்ல மெல்லக் காயும். பஞ்சை உள்ளே வைத்து நாலு பக்கமும் தைத்த பட்டைக்கு அந்த வழியும் கிடையாது. சூட்டில் காயவைக்கலாம் என்றால் மெஷினில் உலர்த்தாதே என்று லேபிளிலேயே போட்டிருக்கிறார்கள், பிளாஸ்டிக் கொக்கிகளை நெருப்புப் பக்கமும் கொண்டுபோக முடியாது.

அம்மாவிடம் இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. நாங்கள் குழந்தைகளாக இருந்தபோது செய்ததுதான். பின் திண்ணையில் கரி அடுப்பில் தணலை நன்றாக நீறு பூக்க விட்டு, அதன் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, ஈரத் துணியை அதன் மேல் பரத்துவார். முதலில் ஆவி புகை மாதிரி எழும், அப்புறம் அது மெலிந்து நிற்கும். அம்மா துணியை எடுத்து உள்ளங்கையால் பார்க்கமாட்டார், கன்னத்தில் வைத்துத்தான் பார்ப்பார். "கைக்குத் தெரியாதுடா, கன்னத்துக்குத்தான் ஈரம் தெரியும்" என்பார். எங்கள் நீளத் துணியை இரண்டாக மடித்துக் கூடை மேல் போட்டு ஒருமுறை திருப்பிப் போட்டால், ஒரு மணி நேரத்தில் கன்னம் சரி என்று சொல்லிவிடும். கேரியரை வைத்தால் மேல் பக்கம் சுட்டது, உள்ளே அதே ஈரம். (கரி அடுப்பைத் திண்ணையில்தான் வைக்க வேண்டும். குளிருக்காக மூடின அறைக்குள் கொண்டுபோய் வைத்துத் தூங்கினால் அந்தப் புகையில்லாத நச்சுவாயு ஆளையே கொன்றுவிடும், மலையில் இருப்பவர்கள் விருந்தாளிகளுக்கு இதை மறக்காமல் சொல்லுங்கள்.)

இது மலையில் மட்டும் இருக்கிற பிரச்சினை என்று நினைத்துவிட வேண்டாம். வின்டர்தூரிலும் இதே கதைதான், காரணம் வேறு. அங்கே பல அடுக்குமாடிகளில் வீட்டுக்குள் வாஷிங் மெஷின் இருக்காது, கீழ்த்தளத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சலவை அறை இருக்கும், யாருக்கு எந்த நாள் என்று அட்டவணை போட்டிருப்பார்கள். எங்கள் கட்டடத்தில் ஆறு வீடு, ஞாயிற்றுக்கிழமை மெஷின் போடக்கூடாது, ஆக எங்களுக்கு வியாழக்கிழமை மட்டும். வெள்ளிக்கிழமை குழந்தை கக்கினால் அடுத்த வியாழன் வரை என்ன செய்வது? குளியல் தொட்டியில் கையால் அலசி, ஹீட்டர் மேல் போட்டால் கேரியர் காய இரண்டு நாள் ஆகும், ஜன்னல் கண்ணாடியெல்லாம் வியர்த்து வழியும். துணி ராத்திரி போட்டால் காலையில் காய்ந்திருக்கும். வெளிநாட்டுக்குப் புதிதாகப் போகிறவர்கள் விலையையும் எடையையும் விசாரிக்கிறார்கள், போய்க் குடியேறப்போகும் வீட்டில் சலவை முறை எப்படி என்று யாரும் விசாரிப்பதில்லை. கைக்குழந்தை வாரத்தில் ஒரு நாள் மட்டும் கக்குவதில்லை. கேரியர் ஈரமாக இருக்கிற நாளெல்லாம் வீட்டுக்குள்தான் கிடக்க வேண்டும். நாங்கள் கேரியருக்குக் கொடுத்த காசில் இரண்டு துணி வாங்கியிருக்கலாம். இரண்டு இருந்தால் ஒன்று கொடியில், ஒன்று தோளில், எந்த நாளும் வெளியே போக வழி இருக்கும்.

டிசம்பரில் அந்த விட்டுப்போன ரயில் பயணத்தைத் துணியோடு போனோம். என் தாத்தா குன்னூர் லோகோ ஷெட்டில் வேலை பார்த்தவர். மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கரத்தில் ஏறி வருகிற நீராவி எஞ்சின்களில் பழையவை 1914-இலிருந்து வின்டர்தூரில் செய்து அனுப்பப்பட்டவை. சின்ன வயதில் தாத்தா தோளில் உட்கார்ந்து அந்த ஊர்ப் பெயரை எஞ்சின் தகட்டில் எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறேன், என் மகள் அங்கேயே போய்ப் பிறப்பாள் என்று யார் கண்டது. அவளை மார்பில் கட்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் எஞ்சின் வருவதைப் பார்க்க நின்றேன். விசில் ஊதியதும் முகத்தைத் துணிக்குள் புதைத்துக்கொண்டவள், கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணை மட்டும் வெளியே விட்டுப் பார்த்தாள். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு டீசல் எஞ்சின்தான், 19 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்கு மேல். கேத்தி வருவதற்குள் தூங்கியவள் லவ்டேல் தாண்டித்தான் விழித்தாள். பெட்டி சின்னது, முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார வேண்டும், என் இரண்டு கையும் சும்மா இருந்ததால் எதிரே இருந்த பாட்டியம்மா கொடுத்த வர்க்கியைச் சாப்பிட முடிந்தது. "புள்ள மூஞ்சி தெரியுதா பாத்துக்க தம்பி" என்று அவர் இரண்டு தடவை சொன்னார்.

அவர் சொன்னதுதான் முதல் விதி. முகம் எப்போதும் தெரிய வேண்டும், குனிந்தால் நெற்றியில் முத்தமிடுகிற உயரத்தில் இருக்க வேண்டும், தாடை நெஞ்சில் அமுங்கக்கூடாது, முழங்கால் இரண்டும் புட்டத்தைவிட உயரத்தில் தவளை மாதிரி மடங்கி இருக்க வேண்டும். தொங்குகிற கால் இடுப்பு மூட்டுக்கு நல்லதில்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் டாக்டரைக் கேட்காமல் கட்ட வேண்டாம். கார் ஏறும்போது கேரியரோ துணியோ எதுவாக இருந்தாலும் கழற்றிவிட்டுக் குழந்தையை அதற்கான குழந்தைச் சீட்டில்தான் போட வேண்டும். சுவிட்சர்லாந்தில் 12 வயது அல்லது 150 சென்டிமீட்டர் உயரம் வரை அது கட்டாயம், இங்கேயும் 2019 திருத்தச் சட்டப்படி 14 வயதுக்குக் கீழ் பெல்ட்டோ குழந்தைச் சீட்டோ இல்லாமல் கூட்டிப்போனால் 1000 ரூபாய் அபராதம்.

துணியில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். நீளம்தான் பெரிய தொல்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று கட்ட ஆரம்பித்தால் இரண்டு முனையும் சேற்றில் புரளும். அதனால் வீட்டிலேயே என் உடம்பில் கட்டி முடித்துவிடுவேன், அப்புறம் குழந்தையை உள்ளே விடுவதும் எடுப்பதும்தான் வேலை. டி-சர்ட் மாதிரி இழுபடும் துணிகளும் விற்கிறார்கள், எடை கூடக் கூடத் தொய்ந்துவிடும், நெய்த துணியே வாங்குங்கள். புடவையே போதாதா என்று அம்மா கேட்டார், அவருடைய பழைய நூல் புடவையில் வீட்டுக்குள்ளேயே கட்டிப் பார்த்தேன், கரை தோளை அறுத்தது, முடிச்சும் நழுவியது. கடையில் விற்கும் துணி அதைவிடக் கெட்டி, மூலைவாட்டில் இழுத்தால் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும்.

நான் சொல்வது 8.5 கிலோ எடையுள்ள ஒரே ஒரு குழந்தையை வைத்து. முதுகில் கட்டும் முறையை இன்னும் பழகவில்லை. பிப்ரவரியில் பிறந்தவள் என்பதால் பனியில் அவளோடு நடந்தது ஆறு வாரம்தான், வழுக்குகிற நடைபாதையில் காலடி தெரியாமல் அவளைக் கட்டிக்கொண்டு போகப் பயந்து ஸ்ட்ரோலரைத்தான் தள்ளினேன். மேட்டுப்பாளையத்தில் இறங்கின ஒரு மதியம் இரண்டு பேரும் வியர்த்துக் குளித்துவிட்டோம், கோடையில் சமவெளிக்குப் போகிறவர்கள் துணியை நம்பிப் போக வேண்டாம். மாதம் முழுக்க முதுகுவலி உள்ளவர்களுக்குக் கேரியரின் இடுப்புப் பட்டை நிஜமாகவே உதவும்.

இரண்டாவது துணியை கிறிஸ்துமஸ் சமயத்தில் வின்டர்தூரிலிருந்து வந்த ஒரு நண்பர் மூலம் வரவழைத்தோம். வந்த அன்று மத்தியானமே அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்ல கெட்டித் துணியா இருக்கேடா" என்று கூடத்து உத்தரத்தில் தூளி கட்டிவிட்டார். இதை எழுதும்போது மகள் அதில்தான் தூங்குகிறாள், அதனால் வெளியே போக மறுபடியும் ஒன்றுதான் மிச்சம். மூன்றாவது ஒன்று சொல்லியிருக்கிறேன்.